போடிமெட்டு இறக்கமும் பழைய வண்டியின் முன்பிரேக்கும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என் தந்தையார் 1984ஆம் ஆண்டு வாங்கிய புல்லட் 350 வண்டியை இப்போது நான் ஓட்டிவருகிறேன். பூப்பாறைக்கு அருகில் எங்களுக்குச் சிறிய ஏலத் தோட்டம் இருப்பதால், வாரத்தில் மூன்று நாள் போடிமெட்டு வழியாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. ஏறும்போது ஒரு குறையும் இல்லை. இறங்கும்போது பாதி வளைவுகளைக் கடப்பதற்குள் முன்பிரேக் லீவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே வந்துவிடுகிறது. முன்சக்கரத்தில் இருப்பது ஆறு அங்குல டிரம். அதை எடுத்துவிட்டு டிஸ்க் வைத்துவிடலாம் என்றும், பொருள்களைத் தனித்தனியாக வாங்கிக் கொடுத்தால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் காது (டிஸ்க் பிரேக்கைத் தாங்கும் சிறு இரும்புத் துண்டு) பற்றவைத்துப் பொருத்தித் தருவதாகவும் பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: ஃபோர்க்கில் காது பற்றவைக்கும் யோசனையை மட்டும் இன்றே கைவிட்டுவிடுங்கள். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம்.

முதலில் அந்த இறக்கம் உங்கள் பிரேக்கிடம் எவ்வளவு வேலை வாங்குகிறது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். போடிமெட்டுக்கும் போடிக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1000 மீட்டர். வண்டி, நீங்கள், பின்னால் ஒருவர், ஒரு மூட்டை என எல்லாம் சேர்த்து 320 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடை மேலிருந்து கீழே வந்து சேரும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 31 லட்சம் ஜூல். பத்து லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு வெப்பம் அது. இன்ஜினின் இழுவையும் காற்றின் தடையும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டது போக மீதி முழுவதையும் இரண்டு டிரம்களும்தான் வாங்கிக்கொண்டு காற்றில் விட வேண்டும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒவ்வொரு முறையும் வேகத்தைக் குறைக்கும்போது இந்த வெப்பம் தவணை தவணையாக டிரம்முக்குள் இறங்குகிறது. ஆற நேரம் கிடைப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

லீவரை இழுத்தால் கேபிள் கேம் கையைத் திருப்ப, கேம் டிரம்முக்குள் இருக்கும் ஷூக்களை விரித்து, அவற்றின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங்கை டிரம்மின் உட்சுவரில் அழுத்துகிறது. சூடேறிய டிரம் விரிகிறது. ஆறு அங்குல இரும்பு உட்சுவர் 200 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் ஏறக்குறைய 0.3 மி.மீ. கூடும். கேட்பதற்கு அற்பமாகத் தெரியும் இந்த இடைவெளியை ஷூ எட்டிப் பிடிப்பதற்குள், கேம் கையும் கேபிளும் லீவரும் அதைப் பல மடங்காகப் பெருக்கி, உங்கள் விரல்களில் ஓர் அங்குலத் தளர்வாகக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அதே நேரத்தில் லைனிங்கைப் பிணைத்திருக்கும் பசைப்பொருள் வெப்பத்தில் வாயுவை வெளியிடத் தொடங்குவதால் உராய்வும் குறைகிறது. லீவர் உள்ளே வருவது ஒரு குறை, பிடிப்புக் குறைவது வேறொரு குறை. இறக்கத்தில் இரண்டும் சேர்ந்தே வருவதால் எல்லோரும் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் டிரம் பிரேக்கே பயனற்றதா என்றால், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என்னிடம் வரும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றின் முன்பிரேக், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் பிடித்ததில் பாதிகூடப் பிடிப்பதில்லை. நாற்பது ஆண்டுகளாக ஷூவை மாற்றியிருப்பார்கள், கேபிளை மாற்றியிருப்பார்கள். டிரம் வட்டமாக இருக்கிறதா, ஷூ முழுமையாகப் படிகிறதா என்று ஒருவரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். அதைச் செய்யாமல் டிஸ்க்குக்குப் பணம் கொடுப்பதை என் மனம் ஏற்பதில்லை.

சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் உட்சுவரை ஒரே மட்டத்தில் நான்கு இடங்களில் குறுக்காக அளக்கச் சொல்லுங்கள். ஸ்போக்குகளின் இழுப்பு ஆண்டுக்கணக்கில், டிரம் அமைந்திருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பை வெளியே இழுத்து, வட்டத்தைச் சற்றே நீள்வட்டமாக்கியிருக்கும். லேசாகப் பிரேக் பிடிக்கும்போது லீவர் விரல்களின் கீழ் துடிப்பதுபோல் தோன்றினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. இதைச் சரிசெய்ய லேத்தில் கடைய வேண்டும். ஆனால் ஹப்பைத் தனியாகக் கழற்றிக் கடைந்தால், பிறகு ஸ்போக் கட்டி முறுக்கும்போது மறுபடியும் வட்டம் கெடும். ஆகவே ரிம் கட்டி, ஸ்போக்குகள் அனைத்தையும் உரிய அளவுக்கு முறுக்கி, முழுச் சக்கரமாகவே லேத்தில் ஏற்ற வேண்டும். பத்தொன்பது அங்குலச் சக்கரத்தைத் தாங்கும் லேத் எல்லாப் பட்டறைகளிலும் இருக்காது. கொஞ்சம் அலைந்தாவது அத்தகைய லேத் உள்ள டர்னரைத் தேடிப் பிடியுங்கள். உட்சுவரின் மூல அளவுக்கு மேல் விட்டத்தில் 1 மி.மீ. தாண்டிக் கடைவதற்கு நான் சம்மதிப்பதில்லை. சுவர் மெலிந்தால் வெப்பத்தைத் தாங்கும் சக்தியும் குறையும்.

டிரம் பெரிதானால் அதற்கேற்பத் தடித்த லைனிங் ஒட்டிய ஷூ வேண்டும். கடையில் வாங்கும் ஷூவை அப்படியே மாட்டினால், அதன் வளைவு டிரம்மின் வளைவைவிடச் சிறியதாக இருப்பதால் நடுப்பகுதி மட்டுமே படியும். சோதித்துப் பார்ப்பது எளிது. லைனிங்கின் மேல் சாக்பீஸால் முழுவதும் பூசி, சக்கரத்தை மாட்டி, தெருவில் இரண்டு முறை மெதுவாகப் பிரேக் பிடித்துவிட்டுத் திறந்து பாருங்கள். சாக்பீஸ் அழிந்த இடம் எவ்வளவோ அவ்வளவுதான் உங்கள் பிரேக். முக்கால் பங்குக்கு மேல் அழிந்திருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், ஷூக்களைத் தாங்கும் பிரேக் தட்டோடு சேர்த்து அவற்றை லேத்தில் ஏற்றி, கேமின் இருபுறமும் மெல்லிய தகடு வைத்துச் சிறிது விரித்த நிலையில், டிரம்மின் அளவைவிட 0.2 அல்லது 0.3 மி.மீ. குறைவாகக் கடைந்துகொள்ள வேண்டும். ஷூவின் முன்விளிம்பை அரத்தால் சரிவாகத் தேய்த்துவிட்டால் கீச்சொலியும் திடீர்ப் பிடிப்பும் வராது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்முக்குள் இருக்கும் கரும்பொடியை வாயாலோ காற்றுக்குழாயாலோ ஊதும் பழக்கம் நம் பட்டறைகளில் இன்றும் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது. அந்த இழைகள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும். ஈரத் துணியால் துடைத்து, துணியோடு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பட்டறைப் பையன்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

லைனிங்கைச் சாதாரணப் பசையில் ஒட்டித் தருபவரிடம் கொடுக்காதீர்கள். உரிய பசையிட்டு, அழுத்திப் பிடித்து, அடுப்பில் வேகவைத்து ஒட்ட வேண்டும். அல்லது ரிவெட் அடிக்க வேண்டும். ஒருமுறை நான் அவசரத்தில் ஒட்டி வாங்கிய ஷூவிலிருந்து லைனிங் பிரிந்து, குமுளியிலிருந்து லோயர் கேம்ப்புக்கு இறங்கும் பாதையில் டிரம்முக்குள் சிக்கிக்கொண்டது. சக்கரம் ஒரு கணம் இறுகி, பிறகு விட்டுவிட்டது. அந்த ஒரு கணம் இன்னும் சற்று நீண்டிருந்தால் இந்தப் பதிலை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அடுத்தது கேபிள். வெளியுறை மலிவானதாக இருந்தால், நீங்கள் லீவரை இழுக்கும் விசையின் ஒரு பகுதி அந்த உறையை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். தடித்த உள்கம்பியும் சுருங்காத உறையும் கொண்ட கேபிளை, கூர்மையான வளைவு எதுவும் இல்லாமல் இட்டுச் செல்லுங்கள். ஷூ டிரம்மைத் தொடும் அந்த நொடியில் கேம் கையும் கேபிளும் செங்கோணத்தில் இருக்க வேண்டும். அதைத் தாண்டிய கோணத்தில் இருந்தால் எவ்வளவு இழுத்தாலும் விசை வீணாகும். லைனிங் தேய்ந்த வண்டிகளில் கேம் கை எப்போதும் அப்படித் தாண்டித்தான் நிற்கிறது. கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினாலே வேறுபாடு தெரியும். ஆனால் அது லைனிங் தேய்மானத்தை மறைக்கும் வழியாக மாறிவிடக் கூடாது. தேய்ந்த லைனிங்கை மாற்றத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும் மாட்டிய பின், ஆக்சில் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைச் சுழற்றி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே நட்டை இறுக்குங்கள். ஷூக்கள் தாமே நடுவில் வந்து அமரும். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் செய்பவர் அரிது.

இவ்வளவும் செய்த பிறகும் வாரம் மூன்று முறை சுமையோடு இறங்குவதற்குப் போதவில்லை என்று தோன்றினால், அடுத்த படி ஏழு அங்குல இரட்டை முன்னணி ஷூ டிரம். புல்லட்டுக்கே தொழிற்சாலை தந்த பொருள் அது. உங்கள் வண்டியில் இப்போது ஒரு ஷூ சக்கரம் சுழலும் திசையோடு இழுபட்டுத் தானே இறுகுகிறது; மற்றொன்றைச் சக்கரம் தள்ளிவிடப் பார்க்கிறது. இரட்டை முன்னணி அமைப்பில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனிக் கேம் இருப்பதால் இரண்டுமே தாமாக இறுகும். கையின் அதே அழுத்தத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பிடிப்புக் கிடைக்கும். ஏழு அங்குலத் தட்டு ஆறு அங்குல ஹப்பில் பொருந்தாது என்பதால் ஹப், தட்டு, ஸ்போக், ஆக்சில் அனைத்தையும் ஒன்றாக வாங்க வேண்டும். தட்டு சுழலாமல் ஃபோர்க்கில் தாங்கி நிற்கும் இடத்தை இருமுறை சரிபாருங்கள். அந்தத் தாங்கல் விட்டுப்போனால் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று, கேபிளைச் சுற்றிக்கொண்டு, முன்சக்கரத்தைப் பூட்டிவிடும்.

இப்போது டிஸ்க். சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகட்டை, காலிப்பர் என்ற பிடி இருபுறமும் பேடுகளால் நெரித்து நிறுத்தும் அமைப்பு இது. புல்லட் குடும்பத்தில் பின்னாளில் வந்த வண்டிகளில் 280 மி.மீ. டிஸ்க் தொழிற்சாலையிலேயே வந்தது. டிஸ்க் சூடேறி விரியும்போது பேடை நோக்கியே தடிக்கும் என்பதால், டிரம்மில் வருவதுபோல் லீவர் உள்ளே போவதில்லை. காற்றிலேயே நிற்பதால் விரைவாக ஆறவும் செய்கிறது. மலைப்பாதைக்கு அது சிறந்தது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நான் மறுப்பது பற்றவைத்த காதை மட்டுமே. உங்கள் 320 கிலோவைப் புவியீர்ப்பில் பத்தில் ஆறு பங்கு வேகக் குறைப்போடு நிறுத்தும்போது, எடை முன்னால் சாய்வதால் நிறுத்தும் வேலையில் ஏறத்தாழ முக்கால் பங்கு முன்சக்கரத்தின் மேல் விழுகிறது. டயர் தரையில் இழுக்கும் அந்த விசை, டயரைவிட மிகச் சிறிய ஆரத்தில் இருக்கும் காலிப்பருக்கு வந்து சேரும்போது 380 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமாகிவிடுகிறது. ஒவ்வொரு வளைவிலும் இந்த எடையைத் தாங்கப் போவது, பற்றவைத்த சூட்டில் வலுவிழந்த ஒரு குழாயின் பக்கத்தில் நிற்கும் ஒரு சிறு இரும்புத் துண்டு. அது முறியும் நாளில் வண்டி வளைவின் ஓரத்தில்தான் இருக்கும்.

டிஸ்க் வைப்பதானால் ஃபோர்க், ஹப், டிஸ்க், காலிப்பர், ஹோஸ், லீவரை இழுக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் அனைத்தும் ஒரே மாடலிலிருந்து முழுத் தொகுதியாக வர வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் துளை அளவும் காலிப்பர் பிஸ்டனின் அளவும் ஒன்றுக்கொன்று கணக்குப் போட்டு வைக்கப்பட்டவை. 11 மி.மீ. துளைக்குப் பதில் 14 மி.மீ. துளை உள்ளதை மாட்டினால் பரப்பு 1.6 மடங்காகி, லீவர் கல்லைப் போல் இறுகிவிடும், வண்டி நிற்காது. மாறாக மிகச் சிறியதை மாட்டினால் லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும். ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ஏலத் தோட்டத்து ஈரக் காற்றில் நிற்கும் வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றியே ஆக வேண்டும். இல்லையென்றால் பாதி இறக்கத்தில் ஆயில் ஆவியாகி, டிரம்மில் இன்று நீங்கள் காணும் அதே குறையை டிஸ்க்கிலும் காண்பீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, செலவே இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டு மலையடிவாரத்து முந்தல் வரை வருபவர்களை நான் அறிவேன். அவர்கள் அந்த 31 லட்சம் ஜூலில் இன்ஜின் எடுத்துக்கொள்ள வேண்டிய பங்கையும் இரண்டு டிரம்களின் தலையில் கட்டுகிறார்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள ராஜ்தூத் 350 வண்டியின் முன்பிரேக்கை எவ்வளவு முறுக்கினாலும் ஒரு ஷூ மட்டுமே பிடிக்கிறது என்று மெக்கானிக் சொல்கிறார். மேலும், கம்பம்மெட்டுச் சாலையில் ஏறும்போது லாரிக்குப் பின்னால் நிற்க நேர்ந்தால், முன்பிரேக்கைப் பிடித்தும் வண்டி பின்னோக்கி நழுவுகிறது. பிரேக்கில் பழுதா?
– வாசகர், கம்பம்

பதில்: முதலாவது பழுது, இரண்டாவது இயல்பு.

எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983ஆம் ஆண்டு முதல் இங்கே தயாரித்த இந்த வண்டியின் ஜப்பானிய மூல வடிவத்தில் முன்பக்கம் டிஸ்க் இருந்தது. நம் நாட்டு வண்டிக்கு ஏழு அங்குல இரட்டை முன்னணி ஷூ டிரம் வைத்தார்கள். அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. சரியாக வைத்துக்கொண்டால் அது நல்ல பிரேக் என்பது என் அனுபவம்.

இரண்டு கேம்களையும் தட்டின் வெளிப்புறத்தில் ஓர் இணைப்புக் கம்பி சேர்க்கிறது. கேபிள் ஒரு கேமை இழுக்க, அந்தக் கம்பி மற்றொன்றை இழுக்கிறது. கம்பியின் நீளம் சரியில்லையென்றால் ஒரு ஷூ டிரம்மைத் தொட்டு நின்றுவிட, மற்றது தொடாமலே இருக்கும். கேபிளை முறுக்கிக்கொண்டே போவதால் இது தீராது. இணைப்புக் கம்பியை ஒரு முனையில் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கேம் கையையும் தனித்தனியாகக் கையால் திருப்பி, ஷூ டிரம்மைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அந்தத் தொடும் நிலையில் பிடித்தபடி, கம்பியின் நீளத்தை அதன் திருகில் கூட்டியோ குறைத்தோ, ஊசி எந்த இழுப்பும் இல்லாமல் துளையில் இறங்கும்படி செய்யுங்கள். இதை ஒருவர் தனியாகச் செய்வது சிரமம். மற்றொருவர் கேமைப் பிடித்துக்கொண்டால் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு பூட்டு நட்டை இறுக்கிவிட்டு, இடைவெளியைக் கேபிளின் திருகில் மட்டும் வையுங்கள். லைனிங் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதை மறுபடியும் செய்தாக வேண்டும். இணைப்பு ஊசியும் துளையும் தேய்ந்து ஆட்டம் கொடுத்தால் அந்த ஆட்டத்தை எந்தத் திருகும் சரிசெய்யாது, பூஷ் போட்டுக்கொள்ளுங்கள்.

பின்னோக்கி நழுவுவதற்கான காரணம் பிரேக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. முன்னோக்கிச் சுழலும்போது இரண்டு ஷூக்களும் தாமாக இறுகுகின்றன என்று மேலே சொன்னேன் அல்லவா, சக்கரம் பின்னோக்கிச் சுழல முயன்றால் அதே இரண்டு ஷூக்களும் தாமாகத் தளர்கின்றன. ஆகவே ஏற்றத்தில் நிற்கும்போது பின்பிரேக்கைத்தான் நம்ப வேண்டும். அங்கே ஒரு முன்னணி ஷூவும் ஒரு பின்தொடரும் ஷூவும் இருப்பதால் இரு திசையிலும் பிடிக்கும். கொண்டை ஊசி வளைவில் லாரிக்கு மிக நெருங்கி நிற்காமல், இடது காலைத் தரையில் ஊன்றி வலது காலால் பின்பிரேக்கைப் பிடித்துக்கொள்ள இடம் விட்டு நில்லுங்கள். வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டுப் போகும்போது முதல் கியரில் விட்டுச் செல்வது நல்லது.

கேள்வி: எஸ்டி ரோட்கிங் வண்டியில் மூணாறிலிருந்து இறங்கும்போது, புல்லட்டைப் போல் இன்ஜின் பிடித்துக்கொள்வதில்லை. சிறிய கியரில் ஆக்சிலேட்டரை மூடியபடியே இறங்கினால் இன்ஜின் கெட்டுவிடும் என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் பிரேக்கிலேயே இறங்கலாமா?
– வாசகர், தேவிகுளம்

பதில்: சொன்னவர்கள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆக்சிலேட்டரை மூடினால் கிடைக்கும் தடை, நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிடைப்பதைவிடக் குறைவு. உங்கள் வண்டியில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே உள்ளே போகிறது. ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது பெட்ரோல் போவது குறைவதால் ஆயிலும் குறைகிறது. சக்கரமோ இன்ஜினை வேகமாகச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் பிஸ்டன் சிக்குவது இப்படித்தான்.

இறங்குவதற்கு மூன்றாம் கியரோ இரண்டாம் கியரோ போதும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கி விடுங்கள். உள்ளே ஆயில் போய்ச் சேரும். பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே இறங்குவதைவிட, வளைவுக்கு முன் நேரான பகுதியில் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு முழுமையாக விட்டுவிடுவது நல்லது. பிடிக்காத நேரத்தில்தான் டிரம் ஆறுகிறது. டிரம் சூடாகிவிட்டதாகத் தோன்றினால் ஓரம் நிறுத்தித் தேநீர் குடியுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், சூடான வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

உங்களைப் போன்றவர்களுக்கு முன்பிரேக்கைச் சீராக வைத்திருப்பது புல்லட்காரர்களுக்கு இருப்பதைவிடவும் அவசியம். முதல் பதிலில் ஷூ கடைவது பற்றிச் சொன்ன அனைத்தும் உங்கள் வண்டிக்கும் பொருந்தும்.

கேள்வி: புளியரையிலிருந்து ஆரியங்காவு போகும் பாதையில் சாரல் காலத்தில் முன்பிரேக் முதலில் பிடிப்பதே இல்லை. மறுநாள் காலையில் எடுத்தால் தொட்டவுடன் கடிக்கிறது. ஏன்?
– வாசகர், செங்கோட்டை

பதில்: இரண்டுக்கும் காரணம் டிரம்முக்குள் போகும் ஈரம். லைனிங்குக்கும் இரும்புக்கும் நடுவே நீர்ப்படலம் இருக்கும் வரை உராய்வு இராது. எஸ் வளைவுக்கு முன்பே, பின்னால் வண்டி எதுவும் வராத இடத்தில் லீவரை லேசாகப் பிடித்தபடி நூறு மீட்டர் ஓட்டினால் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும். இரவில் அந்த ஈரம் உட்சுவரில் மெல்லிய துருவாகப் படிகிறது. அந்தச் சொரசொரப்புத்தான் காலையில் கடிக்கிறது. வீட்டு வாசலிலேயே நான்கைந்து முறை மெதுவாகப் பிடித்து அதை உதிர்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சாரல் முடிந்ததும் ஒருமுறை திறந்து, கேம் தண்டைக் கழற்றித் துடைத்து, வெப்பம் தாங்கும் கிரீஸை மிகக் குறைவாகத் தடவி மாட்டுங்கள். துருப்பிடித்த கேம், லீவரை விட்ட பிறகும் திரும்பாமல் நிற்கும். கிரீஸ் அதிகமானால் அது உருகி லைனிங்கில் ஏறும். எண்ணெய் ஏறிய லைனிங்கை உப்புத்தாளில் தேய்த்தாலும் பெட்ரோலில் கழுவினாலும் பழைய பிடிப்பு வராது, மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 1968ஆம் ஆண்டு ஜாவா ஒன்று என்னிடம் இருக்கிறது. பழம்பெரும் வண்டிகளுக்கான தனிப் பதிவு பெற விரும்புகிறேன். அதற்கு முன் முன்சக்கரத்தில் டிஸ்க் வைத்துக்கொள்ளலாமா? புதிய வண்டிகளைப் போல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லாதது குற்றமாகுமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: பின்னதிலிருந்து தொடங்குகிறேன். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய இரு சக்கர வண்டிகள் அனைத்துக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரல் முதல்தான். அதற்கு முன் வந்த வண்டிகளை அது கட்டுப்படுத்தாது.

தனிப் பதிவு பற்றி 2021 ஜூலையில் மத்திய அரசு விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு, எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகளோடு பத்தாண்டுப் பதிவு கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய். உங்கள் ஜாவா மைசூரில் உருவான காலத்திலிருந்து கணக்கிட்டால் வயது போதுமானது. வண்டி மூல வடிவத்திலேயே பேணப்பட்டிருக்க வேண்டும் என்பதும், சேஸிஸ், உடற்பகுதி, இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதும் விதி. டிஸ்க் வைப்பதற்கு ஃபோர்க்கையே மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், அந்த வண்டி மூல வடிவத்தில் இருப்பதாகச் சொல்வது கடினம். அதோடு, மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் இருக்கிறது. போடிநாயக்கனூர் வாசகரும் டிஸ்க் தொகுதி வாங்கும் முன் தம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

லைனிங் மாற்றுவது, டிரம் கடைவது, கேபிள் மாற்றுவது ஆகியவை பராமரிப்பு வேலைகள். அவற்றால் வண்டியின் மூல வடிவம் மாறுவதில்லை. ஜாவாவின் அலுமினிய ஹப்புக்குள் வார்ப்பிரும்பு வளையம் பதிக்கப்பட்டிருக்கிறது. அந்த வளையம் தளராமல் இருந்து, மேலே சொன்னபடி ஷூவைப் படியவைத்துவிட்டால், இந்த எடைக்கும் இந்த வேகத்துக்கும் பாலக்காட்டுச் சமவெளியில் உங்களுக்கு வேறெதுவும் தேவைப்படாது. வளையம் தளர்ந்திருக்கிறதா என்று அறிய, ஹப்பை மெல்லத் தட்டிப் பாருங்கள். தெளிந்த ஓசைக்குப் பதில் உடைந்த மண்பானையின் ஓசை வந்தால் அந்த ஹப்பில் பணம் செலவழிக்காமல் வேறு ஹப் தேடுங்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். வி.ஏ. பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட விதி அனுமதிப்பதில்லை. கண்காட்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். வாளையாறு தாண்டி அன்றாடம் கோவைக்கு வேலைக்குப் போய்வர அந்த வண்டிதான் உங்களுக்குத் துணை என்றால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வழக்கமான பதிவிலேயே அதை வைத்துக்கொள்ளுங்கள்.